பதிவேடு வைக்காத கடை

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு வந்துவிட்டது. ஓட்டப்பிடாரமும் கோவில்பட்டியும் தூத்துக்குடி மாவட்டத்துக்குள் வருவதால், கரிசல் காடு முழுக்கக் கைபேசிகள் பாதி ஊமையாகின. பேச முடிந்தது, வாட்ஸ்அப் மட்டும் சுற்றிக்கொண்டே கிடந்தது. "விபிஎன் போட்டா கெடச்சிரும்லா" என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. கிடைக்காது. விபிஎன் இணையத்தின் மேல் ஓடுகிற ஒன்று. அடியில் இணையமே இல்லாதபோது அதற்கு ஓட இடமில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் இலங்கையில் நடந்தது வேறு. கண்டிக் கலவரத்தையொட்டி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை மட்டும் அரசு முடக்கியது. இணையம் இருந்தது; குறிப்பிட்ட கதவுகள்தான் பூட்டியிருந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விபிஎன் போட்டுக்கொண்டு ஆட்கள் உள்ளே போய் வந்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி அப்படி முடக்கியபோது அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் இப்படிப்பட்ட தடைகளால் பயனே இல்லை என்றும் டுவிட்டரில் எழுதினார். தடை போட்ட அரசின் அமைச்சரே தடையைத் தாண்டி வந்து சொன்ன செய்தி அது.

ஆக விபிஎன்னால் ஆவதும் ஆகாததும் எவை என்று பிரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்த விபிஎன் என்ற கேள்விக்கே வர வேண்டும். பலரும் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஓட்டப்பிடாரம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒருவர் தன் நோயைப் பற்றிக் கைபேசியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது முதலில் டவருக்குப் போய், அங்கிருந்து சிம் நிறுவனத்தின் கணினிகளைக் கடந்து, அந்த மருத்துவத் தளம் இருக்கும் கணினிக்குச் சேர்கிறது. இன்றைக்குப் பெரும்பாலான தளங்களின் முகவரி எச்டிடிபிஎஸ் என்றுதான் தொடங்குகிறது. அதாவது அவர் படிக்கும் பக்கமும் தட்டச்சு செய்யும் சொல்லும் பூட்டப்பட்டே போகின்றன. வங்கிக் கடவுச்சொல்லும் அப்படியே. விபிஎன் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்று விளம்பரங்கள் பயமுறுத்துவதில் பெரும்பகுதி பத்து வருடத்துக்கு முந்தைய கதை.

ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது மறைவதில்லை. தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியை வாங்கித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாடு பெரும்பாலும் சிம் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. இணைப்பு தொடங்கும் நொடியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தபடியே போகிறது. நோய் பற்றிய எந்த வரியைப் படித்தார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. அந்த நோய்க்கான தளத்தில் இரவு பதினொன்றரைக்கு இருபது நிமிடம் இருந்தார் என்று தெரியும். மனிதரைப் பற்றி அறிந்துகொள்ள இதுவே போதும்.

விபிஎன் செய்வது கவருக்குள் கவர் போடுகிற வேலை. நீங்கள் அனுப்ப வேண்டிய கடிதத்தை இன்னொரு கவரில் போட்டு மதுரையில் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் வெளிக்கவரைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தன் பெயரில் தபாலில் சேர்க்கிறார். பதில் வந்தால் உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறார். ஓட்டப்பிடாரம் தபால்காரருக்கு நீங்கள் மதுரைக்காரருடன் மட்டுமே எழுத்துப் போக்குவரத்து வைத்திருப்பதாகத் தோன்றும். கடிதம் பெறுகிறவருக்கு அது மதுரையிலிருந்து வந்ததாகத் தோன்றும். எல்லாம் சரி, மதுரைக்காரருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

விபிஎன் கண்காணிப்பை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. இதுவரை சிம் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்த அத்தனையும் இனி விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். சிம் நிறுவனமாவது இந்தியாவில் உரிமம் பெற்று, அலுவலகம் வைத்து, ஒழுங்காற்று ஆணையத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. விபிஎன் நிறுவனம் எங்கே இருக்கிறது, உரிமையாளர் யார் என்பதே பல நேரம் தெரியாது. தெரிந்த ஆளின் கண்ணுக்குத் தப்ப, தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுக்கிறோம்.

போன தடவை விடுமுறையில் வந்த என் சித்தி மகன் கைபேசியைப் பார்த்தேன். துபாயில் கம்பெனி கேம்பில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், குரல் அழைப்பு போகாது. ஊருக்குப் பேச வேண்டும், பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் கேம்பில் எல்லாரும் விபிஎன் போடுகிறார்கள். இவன் கைபேசியில் மூன்று இருந்தன, மூன்றும் இலவசம். ஒன்றைத் திறந்தால் இணைவதற்கு முன் ஒரு விளம்பரம், இணைந்த பின் ஒரு விளம்பரம். "ஃப்ரீ தானண்ணே, என்ன போகுது?" என்றான். ஐக்கிய அரபு அமீரகத்தின் சைபர் குற்றச் சட்டம், குற்றம் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்கிறது. அவனுக்கு அது தெரிந்திருந்தது. "பிள்ளை கூடப் பேசுறது குத்தமாண்ணே?" என்று திருப்பிக் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'என்ன போகுது' என்ற கேள்விக்குப் பதில் உண்டு.

ஆண்ட்ராய்டு கைபேசியில் எந்த விபிஎன்னை முதன்முதலாக இயக்கினாலும் ஒரு பெட்டி வந்து நிற்கும். இந்தச் செயலி உங்கள் வலைப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பிக்கை இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஒப்புக்கொண்டால் திரையின் மேல் ஓரத்தில் சின்னச் சாவிப் படம் ஒன்று தோன்றும். கைபேசி இவ்வளவு வெளிப்படையாக எச்சரிக்கும் இடங்கள் குறைவு. எல்லாரும் படிக்காமல் சரி என்று தட்டுகிற இடமும் அதுவே.

ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 38 விழுக்காட்டில் தீங்கான நிரல் இருப்பதற்கான அறிகுறி தென்பட்டது. 75 விழுக்காடு, பயனரைப் பின்தொடரும் பிற நிறுவனங்களின் நிரல்களைத் தன்னுள் வைத்திருந்தன. 18 விழுக்காடு எதையும் பூட்டவே இல்லை. பூட்டு விற்கிற கடையில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான பூட்டுக்கு நாக்கே கிடையாது.

பெரிய பெயர் என்றால் தேவலை என்றும் சொல்ல முடியாது. ஒனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. அதன் ஒனாவோ புரொடெக்ட் என்ற இலவச விபிஎன், உங்கள் தகவலைப் பாதுகாக்கும் என்று விளம்பரம் செய்தது. உண்மையில் மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலை அது ஃபேஸ்புக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. போட்டி நிறுவனங்களை எடைபோட அது உதவியது. 2018 ஆகஸ்டில் ஆப்பிள் கடையிலிருந்து அது போயிற்று. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் இதற்காக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் முகவரியையே வாடகைக்கு விடுகிறவை. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் போன்ற இலவச விபிஎன்களைப் போட்டுக்கொண்டவர்களின் கணினிகள் 911 எஸ்5 என்ற ரகசிய வலையில் சேர்க்கப்பட்டன. 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1.9 கோடி இணைய முகவரிகள். காசு கொடுத்த குற்றவாளிகள் அந்த முகவரிகளின் பின்னால் நின்று மோசடி செய்தார்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை அதை முடக்கி, நடத்தியவரைக் கைது செய்ததாக அறிவித்தது. இப்படி ஒன்றில் மாட்டிய வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்தால், குற்றம் நடந்த முகவரி உங்களுடையதுதான் என்று பதிவேடு சொல்லும். முகத்தை மறைக்கப் போட்ட முகமூடியை அடுத்தவன் மாட்டிக்கொண்டு திருடுவதும், திருட்டுக்கு உங்கள் வீட்டு விலாசம் விழுவதும் என் சித்தி மகனுக்கு உடனே புரிந்தது.

சரி, காசு கொடுத்து வாங்கலாம். எல்லா நிறுவனமும் முகப்பில் ஒரே வாக்கியத்தை எழுதி வைத்திருக்கிறது: நாங்கள் பதிவேடு வைப்பதில்லை. இதை எப்படிச் சோதிப்பது? நீங்களும் நானும் வெளியிலிருந்து சோதிக்க வழியே கிடையாது. ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: யாராவது வந்து கதவைத் தட்டியபோது என்ன ஆயிற்று?

பியூர்விபிஎன் பதிவேடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2017-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துன்புறுத்திய வழக்கில் எஃப்பிஐ கேட்டபோது, ஒரே வாடிக்கையாளர் தன் வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் இணைந்ததை அந்த நிறுவனத்தின் பதிவேடுகளே காட்டின. அந்த ஆள் பிடிபட்டது நல்லதுதான். இங்கே பேச்சு அதுவல்ல, இல்லை என்ற பதிவேடு இருந்தது என்பது. ஹாங்காங்கிலிருந்து இயங்கிய யுஎஃப்ஓ விபிஎன் கதை இன்னும் கேவலம். 2 கோடிப் பயனர்கள் என்று பெருமை பேசிய அதன் தகவல்தளம் 2020 ஜூலையில் கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். உள்ளே பயனர்களின் முகவரிகள், இணைந்த நேரங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் இருந்தன. அதுவும் பதிவேடு வைக்காத கடைதான்.

மறுபக்கமும் உண்டு. 2016 டிசம்பரில் அங்காராவில் ரஷ்யத் தூதர் ஆந்திரேய் கார்லோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த விசாரணையில் துருக்கி அதிகாரிகள் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வர் ஒன்றைக் கைப்பற்றினார்கள். உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடனின் யாத்தேபோரி நகரில் முல்வாத் நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு போலீஸ் வந்தது. நீங்கள் தேடுவது எங்களிடம் இல்லவே இல்லை என்பதை ஊழியர்கள் விளக்கிக் காட்டினார்கள். எதையும் எடுக்காமல் போலீஸ் திரும்பியது. முல்வாத் கணக்கு திறக்கப் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. ஓர் எண் தரும், அவ்வளவுதான். மாதம் 5 யூரோ. கவரில் ரொக்கம் வைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். ஓட்டப்பிடாரம் தபால் நிலையத்திலிருந்து யூரோ நோட்டை அனுப்பச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். அந்த ஏற்பாட்டின் பின்னுள்ள புத்தியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கேட்டால் கொடுக்க மாட்டேன் என்பதைவிடக் கொடுக்க என்னிடம் எதுவுமில்லை என்பது உறுதியான நிலை. வட்டு இல்லாமல் தற்காலிக நினைவகத்தில் மட்டும் ஓடும் சர்வர்களைச் சில நிறுவனங்கள் வைத்திருப்பதும் இதற்காகத்தான். மின்சாரத்தைப் பிடுங்கினால் எல்லாம் அழிந்துவிடும்.

தணிக்கை அறிக்கைகளைப் பலரும் பெரிதாகச் சொல்கிறார்கள். வெளி நிறுவனம் ஒன்று வந்து சர்வர்களைப் பார்த்து எழுதும் அறிக்கை ஒன்றுமில்லாததைவிட நல்லது. ஆனால் அது பார்த்த அன்றைய நிலைமை. ஆண்டுதோறும் தணிக்கை நடந்து, அறிக்கை முழுதாக வெளியாகிறதா என்று பார்க்கலாம்.

அடுத்தது, நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தாருக்கு இது புதுக் கதையல்ல. வ.உ.சி. பிறந்த ஊர் இது. அவரை 1908-இல் சிறையில் அடைத்த அதே ஆண்டில்தான், பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி சென்னையிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்குப் போனார். அங்கே பிரெஞ்சுச் சட்டம். பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்ய முடியாது. அவரது 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து அச்சாகி இந்தப் பக்கம் வந்தது. பிரிட்டிஷார் பத்திரிகையை அச்சிடுவதைத் தடுக்க முடியாமல், தங்கள் எல்லைக்குள் அது வருவதைத் தடுத்தார்கள். 1910-இல் அது நின்றுபோனது. 1911 ஜூன் 17 அன்று ஓட்டப்பிடாரத்துக்கு அருகிலுள்ள மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தவர்களின் மேல் ஒற்றர் கண்காணிப்பு இறுகியது. யார் யாருக்குக் கடிதம் போகிறது, யார் வந்து பார்க்கிறார்கள் என்பதே ஒற்றர்களுக்குப் போதுமான செய்தி. தபாலைப் பிடித்து வைக்க 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் 26ஆம் பிரிவு இருந்தது. வெளி ஆட்சியின் நிழலில் நிற்பதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்படி ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த விலாசம், தொடர்பு எண், கொடுக்கப்பட்ட இணைய முகவரிகள், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்ற விவரம் ஆகியவற்றைத் திரட்டி, வாடிக்கையாளர் விலகிய பின்னும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சைபர் குற்றவாளிகளைப் பிடிக்க இது தேவை என்பது அரசின் வாதம். ஓடிபி மோசடியில் பணம் இழந்தவர்களைத் தெரிந்தவர்கள் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அலுவலகங்கள் தங்கள் ஊழியருக்குத் தரும் விபிஎன்னுக்கு விதி பொருந்தாது என்று பிறகு விளக்கினார்கள்.

பதிவேடு வைக்காததையே சரக்காக விற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஜூன் மாதம் எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டது. சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் ஆகியவையும் எடுத்தன. இந்திய முகவரி வேண்டும் என்பவர்களுக்குச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வர் வைத்துக்கொண்டு இந்திய எண்ணைக் கொடுத்தார்கள். புதுச்சேரிக்குப் போனதைப் போலத்தான். எல்லையில் தடுப்பதும் பின்னாலேயே வந்தது: 2025 ஜனவரியில் இந்திய அதிகாரிகளின் உத்தரவுக்குப் பின் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 உள்ளிட்ட சில விபிஎன் செயலிகள் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து இந்தியாவில் நீக்கப்பட்டன. விபிஎன் பயன்படுத்துவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் ஜம்மு-காஷ்மீரில் மாவட்ட அளவில் தடை உத்தரவுகள் வந்திருக்கின்றன. எனவே இன்று இந்தியாவிலேயே சர்வர் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்லும் விபிஎன், விதிப்படி உங்கள் விலாசத்தை எழுதி வைத்திருக்கிறது, அல்லது விதியை மீறுகிறது. இரண்டுமே நமக்கு ஆகாது.

வெளிநாடு என்பதே கவசம் என்றும் எண்ண வேண்டாம். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் 2021-இல் பிரெஞ்சுச் சுற்றுச்சூழல் போராளி ஒருவரின் மின்னஞ்சல் கணக்குக்கு உரிய இணைய முகவரியைச் சுவிஸ் சட்டப்படி பதிவு செய்து கொடுக்க வேண்டி வந்தது. அந்நாட்டில் மின்னஞ்சலுக்கு ஒரு விதி, விபிஎன்னுக்கு வேறு விதி. சட்டத்துக்கு உட்பட்டே நிறுவனம் நடக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு படித்தபின் 'சிறந்த பத்து விபிஎன்கள்' என்று பட்டியலிடும் தளங்களுக்குப் போனால் அங்கே இன்னொரு வேடிக்கை. கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம், முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் விளம்பரத் தொல்லை நிரல்களோடு பேசப்பட்டது. அது 2017-இல் சைபர்கோஸ்ட், 2018-இல் ஜென்மேட், 2019-இல் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021-இல் சுமார் 93.6 கோடி டாலருக்கு எக்ஸ்பிரஸ்விபிஎன் என்று வரிசையாக வாங்கியது. அதே 2021-இல், விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் விபிஎன்மென்டர், விஸ்கேஸ் தளங்களின் உரிமை நிறுவனத்தையும் வாங்கியது. பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாள் திருத்தும் அறையையும் விலைக்கு வாங்கிவிட்டான். மற்றப் பட்டியல்கள் பலவற்றிலும் ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு உண்டு. நான் அந்தப் பட்டியல்களை நிறுவனப் பெயர் தெரிந்துகொள்ள மட்டும் பார்ப்பேன்.

தொழில்நுட்பப் பக்கம் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. வயர்கார்டு, ஓபன்விபிஎன் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். வயர்கார்டின் மூல நிரல் சுமார் 4,000 வரிகள்தான். யாரும் உட்கார்ந்து படித்துத் தவறு கண்டுபிடிக்கலாம். 2020 மார்ச்சில் அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலிலேயே சேர்ந்துவிட்டது. 1996-இல் மைக்ரோசாஃப்டும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய பிபிடிபி என்ற பழைய முறையை இன்னும் தருகிற கடையை விட்டு விலகிவிடுங்கள். 'ராணுவத்தரப் பூட்டு' என்ற விளம்பரச் சொல்லுக்கு எந்த எடையும் இல்லை. அதே பூட்டைத்தான் உங்கள் வங்கித் தளமும் இலவசமாகப் போடுகிறது.

நம் ஊருக்கு முக்கியமான ஒன்று ஐபிவி6. ஜியோ போன்ற வலைகள் புது வகை முகவரியான ஐபிவி6-ஐப் பரவலாகக் கொடுக்கின்றன. பழைய ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் எடுத்துச் செல்லும் அரைகுறை விபிஎன்னைப் போட்டால், மேலே சாவிப் படம் தெரியும், ஐபிவி6 வழியாக உங்கள் சொந்த முகவரி வெளியே போய்க்கொண்டிருக்கும். முன்பு சொன்ன சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வில் 84 விழுக்காடு செயலிகளில் இந்தக் கசிவு இருந்தது. விபிஎன் போடும் முன் உங்கள் முகவரியைக் காட்டும் தளம் ஒன்றில் பார்த்துக் குறித்துக்கொண்டு, போட்ட பின் மறுபடி பாருங்கள். பழைய முகவரி எந்த வடிவிலாவது தலைகாட்டினால் அந்தச் செயலி வேண்டாம். மின்னல் வெட்டினால் சிக்னல் போய்ப் போய் வரும் இந்தக் கரிசல் காட்டில் இன்னொன்றும் வேண்டும்: விபிஎன் அறுந்த நொடியில் இணையத்தையும் சேர்த்து நிறுத்தும் வசதி. ஆண்ட்ராய்டின் அமைப்புகளிலேயே விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் விசை உண்டு.

இதெல்லாம் யாருக்கு வேண்டும்? என் கருத்தில் ஓட்டப்பிடாரத்தில் பெரும்பாலோருக்கு வேண்டாம். கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் சொந்தப் பெயரில் நுழைந்து உட்கார்ந்திருப்பவரை விபிஎன் மறைக்காது. நுழைந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். கடன் செயலி தொடர்பு எண்களைச் சுரண்டுவதையும், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிற அழைப்பையும் அது தடுக்காது. செய்தியாளர், வழக்கறிஞர், போராட்டக் களத்தில் நிற்பவர், ரயில் நிலைய வைஃபையில் வேலை பார்க்க வேண்டியவர் ஆகியோருக்குப் பொருள் உண்டு. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவருக்கு விபிஎன்னும் போதாது, டோர் (Tor) என்ற வலை இருக்கிறது. அது மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போகும், அனுப்புகிறவரையும் சேருமிடத்தையும் சேர்த்து அறிந்த கணினி மூன்றில் ஒன்றும் கிடையாது. மெதுவாக ஓடும், காசில்லை. இலவசம்தான் வேண்டும் என்றால் சந்தாக்காரர் பணத்தில் ஓடும் புரோட்டானின் இலவசப் பிரிவு போன்றவற்றைப் பார்க்கலாம். அங்கே செலவை யார் கொடுக்கிறார் என்பது தெரிகிறது.

வாங்குவதானால் முதலில் ஒரு மாதச் சந்தா மட்டும். மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை, ஒரே தடவை கட்டினால் ஆயுள் முழுக்க என்பதற்கெல்லாம் மயங்க வேண்டாம்; சர்வர் வாடகையை மாதாமாதம் கட்டுகிற கடை ஆயுள் சந்தாவை எப்படித் தாங்கும்? புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் உரிமையாளர் பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள். நீதிமன்றத்தில் கேட்டபோதும் கொடுக்கப் பதிவேடு இல்லை என்று நிரூபித்ததாலேயே பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸைத் தேர்ந்தவர்கள் பலர். 2019 நவம்பரில் ஒரு நாள் காலையில் செய்தி பார்த்தபோதுதான், தாங்கள் கேப் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாகப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது.